இடது காலின் ஓய்வு

லாரி ஓட்டுநருக்குச் சர்க்கரை நோய். தசை ஆராய்ச்சிக்கூடத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தானாகவே போய் நின்றார். அவர்கள் கேட்டது சின்ன விஷயம். சில வாரங்கள் வந்து வலது காலால் மட்டும் சைக்கிள் மிதிக்க வேண்டும். இடது கால் வழக்கம்போல் இருக்கட்டும். கடைசி நாள் மிதித்து முடித்ததும் இரண்டு தொடையையும் மரத்துப்போக வைத்து, ஊசியால் துளி தசை எடுப்பார்கள்.

"வழக்கம்போல்" என்பது அவர் காதில் விழவில்லை.

"இடது காலுக்கு ஓய்வு," என்று மனைவியிடம் அறிவித்தார். கிளட்ச் மிதிப்பது அந்தக் கால்தான் என்பதால் வேலைக்கும் விடுப்பு சொல்லிவிட்டார். வீட்டில் அந்தக் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டார், செய்தித்தாள் கேட்டார், மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். மனைவிக்குச் சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள்.

முடிவு சொல்லும் நாளில் அவளும் கூடப் போனாள்.

ஆராய்ச்சியாளர் இளம்பெண். திரையில் இரண்டு படங்களைக் காட்டினாள். வலது காலில் ஒவ்வொரு தசை இழையின் ஓரத்திலும் பச்சைக் கோடு பளிச்சென்று இருந்தது. இடது காலில் பச்சை குறைவு. இருந்ததும் உள்ளேயே திட்டுத்திட்டாகக் கிடந்தது.

"இந்தப் பச்சை என்னம்மா?" என்றாள் மனைவி.

"சர்க்கரையைத் தசைக்குள்ள விடுற புரதம், அக்கா. சும்மா இருக்கிறப்போ உள்ளேயே சின்னச் சின்னப் பைகள்ல கிடக்கும். இன்சுலின் சொன்னா ஓரத்துக்கு வந்து சர்க்கரைக்கு வழி விடும். இவருக்கு இன்சுலின் சொல்றது சரியா காதுல ஏறல."

"நான் சொல்றதும்தான்."

"ஆனா தசை வேலை செஞ்சா, இன்சுலின் சொல்லாமலே அது ஓரத்துக்கு வந்துடும். விடாம செஞ்சா புரதமே கூடும்." அவள் இடது காலின் படத்தை மறுபடி பார்த்தாள். "இது மட்டும் ஏன் இவ்வளவு கம்மின்னுதான் புரியல."

ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையணை உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

ஆராய்ச்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஐயா, இடது கால் வழக்கம்போல இருந்திருக்கணும். உங்க அளவை ஆராய்ச்சிக்கு எடுத்துக்க முடியாது. தப்பா நினைக்காதீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. வெளியே வந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சோம்பேறித்தனம்னு நினைக்காத. நெஜமாவே அவங்களுக்காகத்தான் அசையாம இருந்தேன். யாரு என்னைக் கூப்பிட்டு ஒரு நல்ல காரியம் செய்யச் சொல்லியிருக்காங்க?"



"பாதி நம்புறேன்," என்றாள் மனைவி.

பேருந்து நிறுத்தம் வந்தது. அவள் நிற்காமல் நடந்தாள். அவரும் ஏனென்று கேட்காமல் பின்னாலேயே போனார்.