சா வீடு நடக்காத கல்லறை

மார்கிறட் டீச்சர் அன்று ஒன்பதாம் வகுப்பில் இத்திமாத் உத் தௌலாவின் கல்லறையைப் பற்றிப் படிப்பித்தாள். ஆக்ராவில் யமுனைக் கரையோரம் மகள் நூர்ஜஹான் தகப்பனுக்காகக் கட்டியது, தாஜ்மகாலுக்கும் மூத்தது. வெள்ளைப் பளிங்கைக் குடைந்து, நிறக் கற்களை வெட்டிப் பதித்துப் பூவும் பழமும் கிண்ணமுமாக இழைத்திருக்கிறார்கள். கீழே தாய் தகப்பனுக்கு இரண்டு கல்லறைகள். மேல் மாடத்திலும் அதேபோல் இரண்டு உண்டு, ஆனால் அவற்றுக்குள் ஒருவரும் இல்லை.

"ஆள் இல்லாத கல்லறை என்னத்துக்கு டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"நினைக்கிறதுக்கு ஒரு இடம் வேணும்தானே" என்றவளுக்கு அதற்கு மேல் பாடம் ஓடவில்லை.

அவள் புருசன் றோயைத் தொண்ணூறாம் ஆண்டு செட்டிபாளையத்துச் சுற்றிவளைப்பில் ஆமி ராணுவ லொறியில் ஏற்றிக்கொண்டு போனது. ஆமிக் காம்பில் கேட்டால், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லையாம். மூன்று வருடம் கேட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். மரித்தோர் திருநாளில் ஊர்ச் சனமெல்லாம் வாவிக்கரைச் சேமக்காலையில் தங்கள் தங்கள் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தும். மார்கிறட் மட்டும் திரியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுக் குருசடியில் வைத்துவிட்டு வருவாள். இந்த நாட்டில் புருசனுக்காக அழுவதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

நூர்ஜஹானுக்கு ஆகுமென்றால் தனக்கும் ஆகும் என்று, சேமக்காலையில் றோய்க்கு ஒரு கல்லறை கட்ட மேசன் டொமினிக்கிடம் போனாள். பளிங்குக்கு எங்கே போவது? குளியலறைக்கு ஒட்டுகிற வெள்ளை டைல் கிடைத்தது. கலியாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகளை அவளே உடைத்துக் கொடுக்க, டொமினிக் அந்தத் துண்டுகளில் பூப் பதித்தான். மூலைக்கொரு குட்டித் தூணும் வைத்தான். பங்குச் சுவாமி கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார்.

மாமியார் எமிலியால் அப்படி இருக்க முடியவில்லை. "உசிரோட இருக்கிற என்ட பிள்ளைக்கா கல்லறை கட்டுறாய்? நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டவள், அன்றோடு மருமகளிடம் பேச்சை நிறுத்தினாள்.

அந்த வருடத் திருநாளில் மார்கிறட் தன் திரியை றோயின் பெயருக்கு முன்னால் கொளுத்தினாள். சேர்த்துவைத்த அழுகையெல்லாம் அன்றுதான் வெளியே வந்தது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

அதுகூட ஊரில் யாருக்கோ பொறுக்கவில்லை. சவம் வரவில்லை, கோயில் மணி அடிக்கவில்லை, கல்லறை மட்டும் எப்படி முளைத்தது? ஆயுதம் புதைத்திருக்கிறார்கள் என்று எந்தப் புண்ணியவானோ காம்பில் போய் ஓதிவிட்டான். ஆமி வந்தது. பூவும் தூணும் அலவாங்குக் கம்பியில் நொறுங்கின. ஆளுயரம் தோண்டியும் மண்தான் வந்தது.

ஆபீசர் மார்கிறட்டைக் கூப்பிட்டான். அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"உள்ள ஆள் இல்லை. ஆள் எங்க?"

 மார்கிறட்டுக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. "அதை நான் உங்களிட்டத்தான் மூணு வருசமாக் கேக்கிறன்."

அவனுக்கு விளங்கியதோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

செய்தி கேட்டு எமிலி ஓடி வந்தாள். குழியைக் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை மார்கிறட் கலியாண நாளில்கூடக் கண்டதில்லை. மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா பிள்ள, உள்ள ஒருத்தரும் இல்ல. ஆமிக்காரனே தோண்டிப் பாத்துச் சொல்லிப்போட்டான். என்ட மகன் இருக்கான்."

"ஓம் மாமி" என்றாள் மார்கிறட். பிறகு மண்வெட்டியை எடுத்து, குழியை மூடத் தொடங்கினாள்.