லிண்ட்கிரென் நிலத்துக் கிணறு

எய்னார் காணாமல் போய் இரண்டு நாளாகிவிட்டது. வேலி தாண்டிய கிடேரியைத் தேடிப் போனவன் திரும்பவில்லை. நாற்பது பேர் கோதுமைக்குள் வரிசைகட்டி நடந்து பார்த்துவிட்டு, ஆற்றைத் துழாவப் போய்விட்டார்கள்.

மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிப்புக்குப் போன் செய்யத் தானியக் கிடங்குக்கு வந்த எய்னாரின் மனைவி ராக்னாவின் கண், சுவரில் இருந்த வரைபடத்தில் நிலைகுத்தியது. ஆறு வருடத்துக்கு முன், 1951இல், அரசாங்க அளவைக்காரர்கள் போட்டது. மேடு பள்ளமெல்லாம் பழுப்புக் கோடுகளாக ஓடின. அவளும் எய்னாரும் மூன்று வருடம் முன்பு வாங்கிய லிண்ட்கிரென் நிலத்தில் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் ‘கிணறு’ என்று எழுத்து.

அங்கிருந்த பழைய வீட்டை விற்பதற்கு முன்பே இடித்து உழுதுவிட்டார்கள். கிணற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

வரைபடத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். கொழுந்தன் ஹில்மர் வண்டியை அந்த வயலோரத்து நாற்சந்தியில் நிறுத்தினான்.

“ஒரு அங்குலத்துக்கு ரெண்டாயிரம் அடி. தெக்கால முக்கால் அங்குலம். எட்டுக்கு ரெண்டரை அடின்னா அறுநூறு எட்டு வை.”

“அண்ணி, காகிதத்த நம்பி...”

“வேற எத நம்பச் சொல்ற? வாய மூடிட்டு எண்ணு!”

அறுநூறு எட்டு வைத்து, மேற்கே இருநூறு திரும்பினார்கள். இடுப்பளவு கோதுமை. வேறொன்றும் இல்லை. மறுபடி சாலைக்குப் போய் எண்ணினார்கள். அப்போதும் இல்லை.

“படத்துல இருக்குற இந்த வட்டமே தரையில நாப்பது அடி அகலம் வரும் அண்ணி. எங்கன்னு தேடுறது?”

“நாப்பது அடியையும் தேடு.”

மண்டியிட்டுத் தவழ்ந்தாள். கோதுமைத் தாள்கள் முகத்தைக் கீறின. ஜூலை வெயில் முதுகைப் பொசுக்கியது. ‘நேற்றே இந்தப் படத்தைப் பார்த்திருக்கக் கூடாதா’ என்று மனம் அடித்துக்கொண்டது. ஊன்றிய கை சட்டென்று வெறுமைக்குள் போனது. கிணற்று வாயை மூடியிருந்த உளுத்த பலகைகள், நடுவே முறிந்து கிடந்தன.

“எய்னார்!”

துளைக்குள் தலையை நுழைத்தாள்.

“எய்னார், நான்தான்! ஏதாவது பேசுய்யா!”

வெகு ஆழத்திலிருந்து ஓர் இருமல் வந்தது.

ஹில்மர் அப்படியே உட்கார்ந்து அழுதான். “அழுவறதுக்கா வந்த? கயிறு கொண்டா!” என்று அவனை எட்டி உதைத்தாள்.

மேலே தூக்க மூன்று மணி நேரமாயிற்று. வலது கால் கறுத்திருந்தது. அதைப் பிற்பாடு முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் உயிர் இருந்தது. மருத்துவமனை போகும் வழி முழுக்க அவன் அவள் மணிக்கட்டை விடவில்லை.