மரண அறிவித்தலில் இருந்த நம்பர்

த்தூ! முதலில் துப்பிவிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் அக்கா கமலாம்பிகையின் வீட்டுக் கம்பியூட்டரைப் போட்டேன். எவனோ போட்டுவிட்டுப் போன பாஸ்வேர்ட் பெட்டி மட்டும் திரையில் நின்றது. நான் நகரக் கவுன்சிலில் கம்பியூட்டர் திருத்துகிறவள். வைரஸ் புகுந்த மெஷின்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. ஆனால் இதைத் தொடக் கை கூசியது. எச்சில் கையோடு ஒருவன் வீடு முழுக்கத் தடவிவிட்டுப் போனது போல அரியண்டமாக இருந்தது.

அத்தான் யோகராஜா போன மாதம்தான் காலமானார். எங்கள் ஆட்களின் வழக்கப்படி இணையத்தில் மரண அறிவித்தல் போட்டோம். இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று முழுக் குடும்பத்தையும் எழுதி, அடியில் ‘தொடர்புகளுக்கு’ என்று அக்காவின் கைபேசி நம்பரையும் கொடுத்தோம். வேறு எந்தச் சனம் செத்தவீட்டு நம்பரை இப்படி உலகத்துக்கே அறிவிக்கும்? போதாததற்கு, ‘காணாமல் போன சிவதர்ஷனின் பாசமிகு தந்தையும்’ என்றும் ஒரு வரி. அக்காதான் அதைப் போடச் சொன்னார்.

சிவா அவரின் ஒரே பிள்ளை. ஊரில் நடந்த கடைசிச் சண்டையில், ஓடிய சனத்துக்குள் கைநழுவிப் போனவன். பிறகு ஒரு தகவலும் இல்லை.

“ஆர் அக்கா உங்களுக்குப் போன் எடுத்தது?” என்று கேட்டேன்.

“தமிழ்ப் பெடியன்தான். நோட்டீஸ் பாத்தனான் எண்டான். அத்தானுக்காகத் துக்கம் சொன்னவன். பிறகு, அன்ரி, உங்கட மகன்ர வீடியோ எங்களிட்ட இருக்கு, போனில காட்ட ஏலாது, கம்பியூட்டரைப் போடுங்கோ எண்டான்.”

கோதாரி விழுவான்! தூரத்தில் இருப்பவன் கையில் முழுக் கம்பியூட்டரையும் கொடுத்துவிடும் புரோகிராம் ஒன்றை அக்காவைக் கொண்டே போடச் செய்திருக்கிறான். திரை கறுத்துப் போனது. ‘வீடியோ வருது, பொறுங்கோ’ என்றானாம். அக்கா அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் கும்பிட்டபடி இருந்திருக்கிறார். அவன் அதன் பின்னால் வங்கிக் கணக்குக்குள் புகுந்திருக்கிறான். வங்கிக்காரர் சந்தேகப்பட்டுத் தடுத்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் படங்கள் இருந்த போல்டரை அழித்து, கம்பியூட்டரையும் பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

“காசு போயிருந்தாலும் பரவாயில்லையடி, சுவர்ணா. சிவான்ர படங்கள்…”

சிவாவின் படங்கள் வேறு எங்கும் இல்லை. சண்டையில் எல்லாம் போய்விட்டன. சுவிஸில் இருந்த சித்தப்பா தன்னிடம் கிடந்தவற்றை ஸ்கான் பண்ணி அனுப்பியிருந்தார். அவரும் இப்போது இல்லை.

முதல் வேலையாக வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். என் லாப்டொப்பிலிருந்து அக்காவின் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் மாற்றினேன். பிறகு நான் கொண்டுபோன மெமரி ஸ்டிக்கால் கம்பியூட்டரைக் கிளப்பி, அழிந்த படங்களைத் தேடவிட்டேன். அழித்த படம் உடனே அழிந்துவிடாது. அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளே கிடக்கும். பழைய கம்பியூட்டர் என்பதால் கிடைக்கக்கூடும் என்று நினைத்தேன், ஆனால் அக்காவிடம் சொல்லவில்லை.

யார் யாரினதோ கலியாணம், பூப்பெய்திய பிள்ளைகளின் சாமத்தியவீடு, அத்தானின் பாஸ்போர்ட் படம் என்று வந்துகொண்டே இருந்தன. சிவாவைக் காணவில்லை. அக்கா தேத்தண்ணியைத் தொடவே இல்லை. வாயால் வருகிற வசை எல்லாவற்றையும் அந்தக் கள்ளனுக்குச் சொல்லித் தீர்த்தேன்.

பொழுது சாய்கிற நேரம் ஒரு படம் வந்தது. வெள்ளைச் சேட்டு, சைக்கிள், எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் முகம். அக்கா எழும்பி வந்து திரையில் கையை வைத்தார்.

“என்ர ராசா!”

படங்களை இரண்டு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, கம்பியூட்டரை முழுதாகத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். இனி மிச்சம் அந்த நம்பர்.

“அக்கா, போன் நம்பரை மாத்துவம். நோட்டீஸில இருந்தும் எடுத்துவிடுறன். உந்த நாய் திரும்ப எடுப்பான்.”

“எடுக்கட்டும்.”

“விசரோ உங்களுக்கு?”

“ஓம், விசர்தான். நம்பரை மாத்தினா சிவா எங்கை எடுப்பான்? கள்ளன் நூறு தரம் எடுக்கட்டும். என்ர பிள்ளை ஒருக்கா எடுத்தாப் போதும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருந்தாலும் நிதானமாகச் சொன்னேன். “சரி. நம்பர் இருக்கட்டும். ஆனா சிவா எண்டு ஆர் எடுத்தாலும், அவனுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு கேள்வி கேளுங்கோ. சின்னனில வீட்டில என்ன சொல்லிக் கூப்பிட்டனாங்கள் எண்டு கேளுங்கோ. தெரியாட்டிப் போனை வையுங்கோ. அவ்வளவுதான்.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இத்தனை வருஷமாச்சு. அவனுக்கு மறந்து போயிருந்தா, நான் போனை வைக்கவோ?”