போகாத வெள்ளை

மற்ற செடிகளெல்லாம் ஈரத்துணி பட்டதும் பச்சையாகிவிட்டன. அந்த இரண்டு மட்டும் மசியவில்லை. அன்னாசிச் செடியைப் போல விறைத்த இலைகள், ஓரமெல்லாம் முள், நடுவில் ரோஸ் நிறத்தில் பூ. நவமணிக்கு முழங்கை வரைக்கும் கீறல். இலையின் குறுக்கே பட்டை பட்டையாக வெள்ளை படிந்திருந்தது. துடைத்தால் ஈரத்தில் மறைந்தது. காய்ந்ததும் மறுபடி வந்து நின்றது.

"டீச்சர் மாதிரியேதான் நீயும். தொட்டாலும் குத்துற, தொடாட்டியும் குத்துற" என்று செடியைத் திட்டினாள்.

குனோங் ராப்பாட் பக்கம் மலைக்கு வெடிவைத்து உடைக்கிறார்கள். ஈப்போவில் அந்தச் சுண்ணாம்புத் தூள் விழாத வீடில்லை. காலையில் துடைத்த நாற்காலியில் மாலையில் விரலால் பேர் எழுதலாம். நாளைக்கு மாதர் சங்கத்துச் செடிக் கண்காட்சி. "சனம் பார்க்கிற செடி. ஒரு பொட்டுத் தூசி இருக்கக்கூடாது" என்று கௌரி டீச்சர் பள்ளிக்கூடம் போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வேறொரு நாளாக இருந்தால் நவமணி துணியை வீசிவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பாள். இன்றைக்கு முடியாது. தெலுக் இந்தான் பஸ்ஸில் அம்மா செல்லாயி வருகிறாள். அவள் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், எண்ணெய்க்குச் செம்பனை நடப் போகிறார்களாம். அவள் குடியிருந்த லயத்தில் கூரையைக்கூடப் பிரித்தாயிற்று. டீச்சர் வீட்டில் வேலைக்கு நிற்கும் தன்னோடு பின்னறையில் அம்மாவும் தங்கலாமா என்று கேட்டதற்கு, டீச்சர் "பாப்பம்" என்றார். அவ்வளவுதான். தோட்டத்தில் சரி என்றால் சரி, போ என்றால் போ. இந்தப் 'பாப்பம்' மட்டும் ஒரு வாரமாக நவமணியின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. சரியா, போவா என்று தெரிவதற்குள் அங்கே கூரை போய்விட்டது. அம்மாவும் கிளம்பிவிட்டாள்.

சின்ன வயதில் அம்மாவுக்கு முன்னால் மரத்துக்கு மரம் ஓடி மங்கு துடைத்த கை அவளுடையது. ரப்பர்ப் பால் விழுகிற மங்கில் நேற்றைய பிசின் துளி ஒட்டியிருந்தாலும் அம்மா மண்டையில் குட்டுவாள். "சோறு போட்டுத் திங்கலாம்ங்குற மாதிரி இருக்கணும்லா!" கறையைப் பார்த்துவிட்டு அந்தக் கையால் சும்மா இருக்க முடியாது.

தேங்காய் நாரையும் சவுக்காரத் தூளையும் எடுத்து வந்தாள். பூவோடு தொட்டியைச் சாய்த்து, செடியின் நடுக்குழியில் நின்ற தண்ணீரை மங்கைக் கவிழ்ப்பதுபோலக் கவிழ்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். முதலில் அசையவில்லை. பிறகு சாம்பலாகக் கரைந்து வந்தது. அடியிலிருந்து நுனிவரை, ஒவ்வொரு இலையாக, ஒரே பச்சை! அடுத்ததை ஆரம்பிப்பதற்குள் டீச்சரின் கார் வந்துவிட்டது. நாரை வாளிக்குள் போட்டுவிட்டு எழுந்தாள்.

கௌரி டீச்சர் குடையை மடக்காமலே நின்றார்.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?"

"தூசி டீச்சர். போகவே மாட்டேன்னுச்சு. நாரு போட்டுத்தான்..."

"தூசியோ? அதுதான்டி இதின்ர வடிவு! செடியோட பிறந்த வெள்ளி. இனி வராது."

நவமணி பச்சை இலையையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் வெள்ளையாக ஏதோ இருந்தது.

"நீங்கதானே டீச்சர் ஒரு பொட்டு இருக்கக்கூடாதுன்னு..."

"வாய் காட்டாதை. உள்ளுக்கு வா."

கூடத்தில் டீச்சர் மின்விசிறியைப் போட்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். நவமணி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நல்ல காலம், மற்றதைத் தொடேல்லை. அதைக் கொண்டு போவம்."

"டீச்சர், அம்மா இன்னைக்கு..."

"தெரியும். அந்தச் செடி நாளைக்கு ஒழுங்காய்ப் போய்ச் சேரட்டும். பிறகு பாப்பம்."

டீச்சரின் தோளுக்கு மேலே, சன்னல் கண்ணாடிப் பட்டைகளின் இடையே, வாசல் தெரிந்தது. எப்போது கேட்டைத் திறந்தாளோ, செல்லாயி தகரப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் செடிகளுக்கு முன்னால் குந்தியிருந்தாள். ஒன்று பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, மகள் பாதியில் விட்ட வேலை. வந்த வீட்டில் கூப்பிடக் கூச்சப்பட்டவள், வாளிக்குள் கையை விட்டு நாரை எடுத்துப் பிழிந்திருந்தாள்.

நவமணி வாயைத் திறந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, செல்லாயி வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தாள். அந்த இன்னொரு செடியில் தேய்த்து முடித்த ஒரு இலையை, முள் குத்தாமல் நுனியில் பிடித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். பச்சையாக இருந்தது.