தவக்காலத்தில் ஒரு கோழிப் பாக்கெட்

எங்கள் வீட்டு நாய் செம்பட்டை நிறம். பெயர் பிளாக்கி. இதற்கு முன்பிருந்த நாய்தான் கறுப்பு. அது போன பிறகு பெயர் வீணாகக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சவுரிராயன் அதையே இதற்கும் வைத்துவிட்டார். அவருக்கு எதையும் மாற்றப் பிடிக்காது. முப்பது வருடமாக ஒரே மீசை, கோவிலில் ஒரே பெஞ்சு, வீட்டில் நான்.

முகையூரில் தவக்காலம் என்றால் எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் வீடுகளில் கறி நின்றுவிடும். எங்கள் வீட்டில் நின்றால் மட்டும் போதாது. சாம்பல் புதனுக்கு முந்தின நாளே கறிச்சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து, சாக்கில் சுற்றி, பரண்மேல் ஏற்றிவிடுவார். ஈஸ்டர் அன்று காலையில்தான் இறக்குவார். நாற்பது நாளும் சுத்தபோசனம், முட்டைகூடக் கிடையாது. மீன் மட்டும் உண்டு. திருச்சபை அனுமதித்திருக்கிறது என்று அவர் சொல்வார். அவருக்கு மீன் பிடிக்கும் என்று நான் சொல்வேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவிலில் நடக்கிற சிலுவைப்பாதை ஜெபத்தில் புத்தகம் பிடித்து வாசிப்பவரும் அவர்தான். அதனால் தெருவில் எந்த வீட்டு மசாலா வாசனை கொஞ்சம் தூக்கலாக வந்தாலும் அவர் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும்.

இந்த வருடம் தவக்காலத்தின் இரண்டாவது வாரத்தில் பிளாக்கிக்குப் பல் போனது. வீட்டில் எலும்பு இல்லை. பாவம், டிராக்டரிலிருந்து விழுந்த கரும்பு ஒன்றை இழுத்து வந்து எலும்பென்றே நினைத்து விடிய விடியக் கடித்திருக்கிறது. ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த பற்கள். வாயெல்லாம் ரத்தம். மொபெட்டில் முன்னால் அதை உட்கார வைத்து, பின்னால் நான் உட்கார்ந்து, மூவருமாக விழுப்புரம் போனோம். டாக்டர் வெண்ணிலா திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற சின்னப் பெண். மூன்று பல்லைப் பிடுங்கிவிட்டு, இரண்டு வாரத்துக்குக் கடினமாக எதுவும் கொடுக்கக் கூடாது, நம் வீட்டு உப்பு, காரம், வெங்காயம் எதுவும் ஆகாது, கடையில் ஈரமாகப் பாக்கெட்டில் வருகிற நாய்ச் சாப்பாடுதான் சரி என்றார்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று நான் கேட்டேன். வளர்ந்த நாய்க்கு என்று போட்டிருக்க வேண்டும், குட்டிக்கானதை எடுக்காதீர்கள். அதை மட்டும் கொடுத்தாலே வயிறும் சத்தும் நிறையும் என்று எழுதியிருக்க வேண்டும். சிலது சும்மா மேலே ஊற்றுகிற குழம்புதான், அதை நம்பி ஏமாறாதீர்கள். கொடுப்பதற்கு முன்னால் பாக்கெட்டை வெந்நீரில் போட்டு எடுத்தால் வாசனை எழும்பும். இதையெல்லாம் சொல்லி முடித்த டாக்டரிடம், கறி இல்லாதது இருக்கிறதா என்று இவர் மெல்லக் கேட்டார். டாக்டர் இவரையும் பார்த்தார், நாயையும் பார்த்தார். ரத்தம் போன உடம்பு, கறி வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பக்கத்துத் தெருவில் பிரவீன்குமார் என்கிற பையனுடைய கடை. சுவர் முழுக்கப் பாக்கெட். இவர் நேராகப் போய் மீன் படம் போட்ட ஒன்றை எடுத்து, கண்டுபிடித்துவிட்டேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அது பூனைக்கு. பிரவீன்குமார் சிரிக்காமல் அதை வாங்கி வைத்துவிட்டு, நாய்க்கான மீன் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தான். இவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் விடவில்லை. நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவள். மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பருப்பைக்கூடத் தொடமாட்டேன். பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். முதலில் கோழி. அடுத்து கோழி ஈரல். மீன் நாலாவதாக இருந்தது. எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள் என்று பிரவீன்குமாரும் ஒத்துக்கொண்டான். கல்யாண பேனர் மாதிரிதான், பெரிதாகச் சிரிப்பவர் ஒருவர், செலவு செய்தவர் வேறொருவர்.

இவர் கடை வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து தீர்ப்புச் சொன்னார். பிளாக்கி ஞானஸ்நானம் வாங்கவில்லை, ஆகவே சாப்பிடலாம். ஆனால் பாக்கெட் வீட்டுக்குள் வரக் கூடாது. பின்பக்கத் தென்னை மரத்தடியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தட்டு தனி, கரண்டி தனி, வெந்நீர் வைக்கிற சட்டியும் தனி. பாக்கெட்டுக்குத் தீர்த்தம் தெளிக்க வேண்டுமா என்று நான் கேட்டேன்.

கோழித் துண்டு, ஆட்டு ஈரல் கூழ், பெயருக்கு மீன் என்று மூன்று வகையும் வாங்கி வந்தோம். புதன்கிழமை காலையில் கோழியை வெந்நீரில் போட்டெடுத்து ஊற்றினேன். பிளாக்கி ஓடி வந்தது, வாலை ஆட்டியது, தட்டை மோந்தது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வாய் வைக்கவில்லை. சாயங்காலம் ஆட்டு ஈரல். அதே கதை. வியாழக்கிழமை மீன் பாக்கெட். அதற்கும் மோந்துவிட்டு என்னைத்தான் பார்த்தது. பக்கத்து வீட்டு அஞ்சம்மாள், இவ்வளவு சோக்கான சாப்பாட்டைப் பார்த்துத் தெருவே கண் வைத்துவிட்டது என்றாள். கண் வைத்தவளே அவள்தான் என்பது என் அபிப்பிராயம். டாக்டருக்குப் போன் செய்தேன். வாயைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, புண் நன்றாகத்தான் ஆறுகிறது, சனிக்கிழமை காலை வரை பாருங்கள், அப்போதும் சாப்பிடாவிட்டால் தூக்கி வாருங்கள், ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார்.

இவர் அன்று பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். கேட்டதற்கு ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான் என்றார். வியாழக்கிழமை என்ன ஒருசந்தி? எனக்குத் தெரியும். எங்கள் மகன் அலெக்ஸ் துபாய்க்கு வேலைக்குப் போன வாரம் குட்டியாக வந்த நாய் அது. இப்போது வயது ஏழு. இந்த ஏழு வருடத்தில் இவர் என்னிடம் பேசியதைவிட அதனிடம் பேசியது அதிகம். அதற்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாம்பாரை இறக்கி, வழக்கம்போல ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினேன். உப்பு சரி. நான் வாயில் வைத்துப் பார்க்காமல் எந்தத் தட்டிலும் கரண்டி போகாது, அது எங்கள் வேலை. நிமிர்ந்தால் முன்வரிசைப் பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பிளாக்கியின் பார்வை. அப்படியே அதே பார்வை. எனக்குச் சுருக்கென்றது. வீட்டிலும் அதற்குச் சோறு பிசையும்போது, இருபது வருடக் கைப்பழக்கம், ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் போடுவேன். ஏழு வருடமாக அதைப் பார்த்த பிறகுதான் அது வாய் வைத்திருக்கிறது. இந்த மூன்று நாளும் நானோ, சுத்தபோசனத்துக்குப் பயந்து, பாக்கெட்டை இரண்டு விரலால் பிடித்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றியிருக்கிறேன். நீயே தொடாததை எனக்கு ஏன் போடுகிறாய் என்று அது நினைத்தால் தப்பா?

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம அதுவுமா நீ அத நாக்குல வெக்க வேணாம் மேரி. நீ கோவிலுக்குக் கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்றேன். தடவிக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று எங்கேயோ பார்த்தபடி சொன்னார். எனக்கு வந்ததே கோபம். வாயில்லாத ஜீவன் மூன்று நாளாகப் பட்டினி கிடக்கிறது, இந்த மனிதருக்கு ஒரு சொட்டுக் குழம்பு பெரிதாகப் போய்விட்டது.

"ஒங்க சுத்தபோசனத்த நீங்களே கட்டிக்கினு அழுவுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கோவில் முனை வரைதான் போக முடிந்தது. உள்ளே போய் முழங்காலில் நின்றாலும் மனசு தென்னை மரத்தடியில்தான் இருக்கும். பாவமென்றால் பாவம், நானே நாக்கில் வைத்துக் கொடுக்கிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி நடந்தேன்.

பின்பக்கம் போனால் இவர் குந்தியிருந்தார். கோவிலுக்குப் போகிற வெள்ளை வேட்டி சட்டை. கழுத்தில் கிடக்கிற ஜெபமாலையைக் கழற்றித் துணிக்கொடியில் தொங்கவிட்டிருந்தார். எதிரில் பிளாக்கி, நடுவில் தட்டு. கோழிப் பாக்கெட்டிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டார். கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். நக்கினார். பிளாக்கி அவர் வாயைப் பார்த்தது, ஆனால் அசையவில்லை. சமைக்கிறவள் கை இல்லையே என்று யோசித்ததோ என்னவோ. இவர் ஒரு துண்டையே எடுத்து வாயில் போட்டு, மென்று, தொண்டை அசைய விழுங்கினார்.

"நல்லாத்தான்டா கீது. துன்னு."

அது தலையைக் குனிந்தது. பல் இல்லாத பக்கத்தை விட்டு, இந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்து, தட்டில் ஈரம் இல்லாமல் போகும்வரை தின்றது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும்தான் அழுதேன். முப்பது வருடத்தில் இந்த மனிதர் மேல் எனக்கு இத்தனை ஆசை வந்ததில்லை.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். திருடன் மாதிரிக் கையை வேட்டியில் துடைத்தார்.

"நான் இன்னைக்கி வாசிக்க மாட்டேன் மேரி. வாய்ல கறிய வெச்சிக்கினு எப்டி வாசிக்கறது? நீ போயி வேற யாரையாவது வாசிக்கச் சொல்லு."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கீழே கிடந்த பாக்கெட்டை எடுத்து, அடியில் தங்கியிருந்ததைப் பிழிந்து என் உள்ளங்கையில் விட்டு நக்கினேன். உப்பு துளியும் இல்லை. மற்றபடி குறை சொல்ல முடியாது.

"இப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான். வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க, நேரமாவுது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். பிளாக்கி என் கையை ஒரு பக்கமும் அவர் கையை ஒரு பக்கமும் நக்கி முடிக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். அன்று சிலுவைப்பாதை பத்து நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கியது. புத்தகத்தை அவர்தான் வாசித்தார்.