கோட்டில் வந்த பொடி

மார்ச் பதினேழு, திங்கட்கிழமை காலை, மருந்து ஆலையின் மூன்றாம் கூடத்தில் புதிய மருந்தின் முதல் பெரிய கலவை படிகமாக மாறத் தயாராக இருந்தது.

நுரையீரலில் தழும்பு விழும் நோய்க்கான மருந்து அது. அதன் பழைய வடிவத்துக்கு ஒரே குறை, நீரில் கரையாது. கரையாதது ரத்தத்தில் சேராது. ஆலையின் வேதியியலாளர் அதை நன்றாகக் கரையும் ஓர் அமிலத்தோடு ஒரே படிகத்தில் கோத்திருந்தாள். இணைப்படிகம் என்பார்கள். குடுவையில் பழையதைவிட எட்டு மடங்கு கரைந்தது.

அந்த நோய் அவளுடைய அண்ணனுக்கும் இருந்தது. புது மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது.

"இப்ப திங்கிற மாத்திர, வயித்த சுத்திப் பாத்துட்டு அப்படியே வெளிய போயிடுதுடி" என்பான்.

"இனிமே துணையோட அனுப்பறேன். பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்."

"இதுல நான் பூவா, நாரா?"

"நீ பேசாம மூச்ச விடுண்ணா."

அந்தத் திங்கட்கிழமை காலை, ஒப்பிட்டுப் பார்க்க, அவள் அமிலம் சேராத பழைய மருந்தின் படிகத்தை அரைத்துக்கொண்டிருந்தாள். அதே வெள்ளைக் கோட்டுடன் கூடத்துக்கு வந்தாள்.

"மேல மாட்டிக்க சுத்தமான கோட்டு ஒன்னு தரட்டுமா?" என்றார் மேற்பார்வையாளர்.

"ரெண்டு நிமிஷந்தான் சார்."

"சரி. இந்த மருந்து உங்க புள்ள. நீங்க பாக்காம யாரு பாப்பா?"

கலத்தின் மூடியைத் திறந்து குனிந்தாள். தெளிவாக இருந்த திரவம் சற்று நேரத்தில் கலங்கிப் படியத் தொடங்கியது. இணைப்படிகம் விளைந்துவிட்டதென்று எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மாலையில் எக்ஸ்ரே சோதனை, படிந்தது பழைய மருந்து என்றது. அமிலம் முழுவதும் திரவத்திலேயே தங்கிவிட்டது. கோட்டிலிருந்து உதிர்ந்த பொடி விதையானது. மருந்து அதன் வழியே போய்ப் பழைய படிகமாகவே வளர்ந்தது. கலத்தைக் கழுவினார்கள், குழாய்களை மாற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாத பொடி எங்கோ மிஞ்சியிருந்தது; அந்தக் கூடத்தில் அதன்பின் இணைப்படிகம் ஒருமுறைகூட விளையவில்லை. நோயாளிகளுக்கான சோதனை தள்ளிப்போடப்பட்டது.

அண்ணனிடம் அவளே சொன்னாள்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல" என்றான். "எவன் கெடுத்தான்?"

"என் கோட்டுண்ணா. மாத்தாம போயிட்டேன்."

வெகுநேரம் இருமினான். "சின்ன வயசுலயும் நீ யூனிபார்ம மாத்தாமதான் சாப்பிட உக்காருவ. அம்மா அடிச்சிருக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. அவனும்.

வேறோர் ஆலையில் செய்த மாத்திரைகளோடு மறு ஆண்டு ஜனவரியில் சோதனை தொடங்கியது. அண்ணன் அதற்கு முன்பே, நவம்பரில் இறந்திருந்தான். அவனுடைய இடம் வேறொரு நோயாளிக்குத் தரப்பட்டது.