ஆடுனோம்

வயல் மண்ணைக் கரைத்த தண்ணீர் பொன்னுவேலின் கடைவாயில் வழிந்து காதுக்குப் பின்னால் ஓடியது. சின்னத்தாயி முந்தானையால் துடைத்துவிட்டு, தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். நெஞ்சு முன்போலவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணாசை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

மதுரையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கைவிரித்து, வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி மூன்று நாளாகிறது. உயிர் இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஓர் ஆசை மிச்சமிருக்கிறது என்பது பூண்டி ஊரின் கணக்கு. அது என்னவென்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் போகிறவர் நிம்மதியாகப் போவார். அந்தக் கண்டுபிடிப்பில் சின்னத்தாயிக்கு நல்ல பேர் உண்டு. காலையிலேயே கந்தம்மாளின் கம்மலைக் கழற்றி உரசி ஊற்றிப் பார்த்தாயிற்று. பொன்னாசையும் இல்லை. கட்டிய பெண்டாட்டி கந்தம்மாள் தலைமாட்டிலேயே இருக்கிறாள், மகள் புவனா கூடவே இருக்கிறாள். சின்னத்தாயியின் பார்வை வீட்டைச் சுற்றிவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மகன் சிவமுருகன்மேல் வந்து நின்றது.

"பிள்ள ஆசதான். நீ ஆடுறத எந்தம்பி நேர்ல பாத்ததே கெடையாது. அதுக்குத்தான் உசுரப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கான். போன்ல இருந்தா காட்டு மருமகனே."

கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். அதற்கு முன்னால் அவர்கள்தான் மண்ணாசைக்கும் ஆமாம் போட்டவர்கள். சிவமுருகன் சட்டைப் பையிலிருந்த போனைக் கையால் மூடிக்கொண்டான்.

அவன் கோல்கீப்பர். கொடைக்கானலில் படிக்கும்போது ஒரு பயிற்சியாளர் கண்ணில் பட்டு, விளையாட்டு விடுதிக்குப் போய், அங்கிருந்து சென்னை, கோவா, கொல்கத்தா என்று கிளப் கிளப்பாகப் போனவன். மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பத்து இடம் உண்டு. கோல்கீப்பருக்கு ஒரே இடம்தான். அந்த இடத்தில் எப்போதும் வேறொருவன் நின்றான். சிவமுருகன் இரண்டாமவன். தினமும் முதல் ஆளுக்குச் சமமாகப் புரண்டு விழுந்து பயிற்சி எடுப்பான், ஆட்டத்தன்று கையுறை மாட்டிக்கொண்டு எல்லாரோடும் போவான், ஆட்டம் முடியும்வரை வெளியே கொட்டாய் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். முதல் ஆளுக்குக் காயம் பட்டால்தான் இவனுக்கு வழி. கூட இருப்பவனுக்குக் கால் உடைய வேண்டும் என்றா வேண்டிக்கொள்ள முடியும்? இரண்டொரு நாள் வேண்டிக்கொண்டதும் உண்டு. பெரிய போட்டி எதிலும் அவன் களத்துக்குள் இறங்கவில்லை.

முதல் கிளப்பில் சேர்ந்தபோது, பயிற்சியில் அவன் பாய்ந்த படத்தைப் போட்டு ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வது? ஆட்டம் எப்படி என்று போனில் கேட்டால், "நல்லா ஆடுனோம்" என்பான். அது பொய்யும் இல்லை. அந்த 'ஓம்' என்ற ஒற்றைச் சத்தத்துக்குள்ளே பத்துப் பதினோரு வருடம் பதுங்கிக் கிடந்தான். ஊரில் எல்லாரும் கிரிக்கெட் பார்க்கிறவர்கள், கால்பந்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம். அப்பாவோ ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை. சாப்பிட்டியா, அங்கே குளிருதா, முதுகு வலிக்கிறதா, அவ்வளவுதான்.

போனில் ஒரு படம் இருந்தது. போன வருடத்து ஆட்டங்களில் விழுந்த கோல்களையும் தடுத்த கோல்களையும் வெட்டி ஒட்டிய படம். அதில் பச்சைச் சட்டையும் கையுறையும் போட்டுப் பாய்கிறவன் முதல் கோல்கீப்பர், பஞ்சாப்காரன். இவன் உயரம்தான், தூரத்தில் முகம் தெரியாது. சிவமுருகன் எழுந்து தலைமாட்டுக்குப் போய் அதைத்தான் அப்பாவின் கண்ணெதிரே பிடித்தான்.

சுற்றிலும் தலைகள் குனிந்தன. பந்து மூலைக்குப் பறந்தது. பச்சைச் சட்டை பாய்ந்து அதைத் தட்டிவிட்டது. "அந்தா பாய்றான் பாருங்க ஒங்க மகன்" என்று கந்தம்மாள் புருஷனின் கன்னத்தைத் தடவினாள். அவள் முகத்தில் மூன்று நாளில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. சின்னத்தாயி தன் பேர் காப்பாற்றப்பட்ட நிம்மதியோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பொன்னுவேலின் கண் பந்தின் பின்னால் போகவில்லை. திரையின் ஓரத்தில் எதையோ தேடியது. உதடு அசைந்தது. சிவமுருகன் காதை அருகில் கொண்டுபோனான்.

"இதில்லடா... ஒன்னயக் காட்டு. அந்தக் கொட்டாய்ல ஒக்காந்திருப்பீல்ல."

சிவமுருகன் குனிந்தது குனிந்தபடி இருந்தான். அந்தப் பக்கம் அப்பாவின் தலையைத் தாங்கியிருந்த புவனாவைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அவனும் பின்னாலேயே போனான்.

"அப்பா எல்லா மேட்சும் பாப்பாங்கண்ணே" என்றாள் புவனா. "பந்து எங்க போகுதுன்னு பாக்கவே மாட்டாங்க. கொட்டாய எப்பக் காட்டுவான்னே பாத்துக்கிட்டிருப்பாங்க. நீ தெரிஞ்சா, அந்தா இருக்கான்னு சொல்லிட்டு டிவிய அமத்திட்டுப் படுத்துருவாங்க."

அம்மாவுக்கும் தெரியுமா என்று கேட்டான். தெரியாது, அம்மா அடுப்படியில் இருப்பாள் என்றாள். அப்பா யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஆடுறேன்னு சொல்றான், இருந்துட்டுப் போகட்டும்னாங்க."

சிவமுருகன் அங்கேயே போனை நோண்டினான். வெட்டி ஒட்டுகிறவர்கள் பெஞ்சையா எடுத்து வைத்திருப்பார்கள்? முழு ஆட்டமும் வேண்டும். அதற்கு வீட்டில் சிக்னல் கிடையாது, மேலே ரோட்டு வளைவுக்குப் போனால்தான் கிடைக்கும். புவனாவின் புருஷனுடைய பைக்கை எடுத்தான். வெரசா வந்துரு என்று அவள் சொன்னது வண்டிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

வளைவில் மஞ்சு இறங்கி, கீழே இருந்த கேரட் வயல்கள் ஒன்றும் தெரியவில்லை. தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, விரல் விறைக்க விறைக்க ஒவ்வோர் ஆட்டமாகத் தள்ளித் தள்ளித் தேடினான். தான் இறங்காத ஆட்டத்தை அவன் ஒருநாளும் திரும்பப் பார்த்ததில்லை. பார்க்க என்ன இருக்கிறது? படம் நின்று நின்று வந்தது. மூன்றாவது ஆட்டத்தில், பயிற்சியாளர் கத்துவதைக் காட்டத் திரும்பிய கேமராவுக்குப் பின்னால் அவன் இருந்தான். கழுத்தில் துண்டு. கையில் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் இருந்தவன் ஏதோ சொல்ல, லேசாகச் சிரித்தான். இரண்டு விநாடி. உடனே கேமரா பந்துக்குப் போய்விட்டது.

இதைப் பார்க்கத்தான் அந்த மனுஷன் பூண்டுக் காட்டில் பகலெல்லாம் குனிந்துவிட்டு வந்து கண்விழித்துக் கிடந்தாரா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன் அப்பா என்று சொல்லியிருந்தால், பேச எவ்வளவோ இருந்திருக்கும். தெரிந்த முகத்துக்கு முன்னாலா இத்தனை காலம் முகமூடி போட்டுத் திரிந்தோம் என்று வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கைச் சிந்திவிட்டு, அந்த இடத்தைப் போனில் பதிவாக்கி எடுத்துக்கொண்டான். பதிவு முடியும்வரை காத்திருந்ததுதான் நேரமாகிவிட்டது.

திரும்பி வருகையில், கோயில் திருப்பத்திலேயே அம்மாவின் குரல் கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போனான்.

கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தாடைக்கு வெள்ளைத் துணி. கந்தம்மாள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ ஆடுனதக் கண்ணாரப் பாத்துட்டுத்தான்யா போனாக, ஒரு கொறையுமில்லாமப் போனாக" என்று அழுதாள். அந்த அழுகையில் ஓர் ஆறுதல் இருந்தது. அதைக் கலைக்க அவனுக்கு மனம் வரவில்லை. போன் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

மதியத்துக்குமேல் துட்டி கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வருகிற ஆண்கள் இரண்டு கையையும் சேர்த்து நீட்ட, சாவு வீட்டு ஆண் அதைத் தொட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சிவமுருகன் வாசலில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான். உள்ளே சின்னத்தாயி வருகிறவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ஆள் பந்தின் வேகம் கூடியது. பக்கத்துப் போளூரிலிருந்து வந்த திருமலைச்சாமி, அப்பாவோடு பூண்டு வியாபாரம் பார்த்தவர், உள்ளே போய்விட்டு மறுபடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பந்தக்கூட விடலியாமேய்யா. பாத்துட்டுத்தான் போனாராம்ல. குடுத்து வச்சவரு."

அது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதைத் தெரிந்து வைத்திருந்த மனிதர் உள்ளே கிடந்தார்.

"ஆமாங்க" என்றான்.

புவனா கடுங்காப்பியோடு வந்தாள். கிடைத்ததா என்று மெதுவாகக் கேட்டாள். கிடைத்தது என்று தலையசைத்தான். அவள் டம்ளரைக் கொடுக்காமலே சொன்னாள்.

"நீ போனப்பறம் ரெண்டு தடவ கண்ணத் தொறந்தாங்கண்ணே. கால்மாட்டுல நீ ஒக்காந்திருந்த எடத்தத்தான் பாத்தாங்க."

அதற்குள் அடுத்த ஆள் வந்து கையை நீட்டிவிட்டார். வாசலுக்கு வெளியே இன்னும் ஏழெட்டுப் பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சிவமுருகன் இரண்டு கையையும் விரித்து வாங்கிக்கொண்டான்.